டிரிப் நோட்டுக்குப் பதில் மெஷின்: இரண்டிலும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

முதுநகர்_டாரஸ்:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட்டில் லோடு ஏற்றி மணலி, ஓசூர், சில சமயம் கொச்சி வரைக்கும் போகிற வண்டி ஓட்டுகிறேன். எங்கள் ஓனரிடம் பத்துப் பன்னிரண்டு வண்டி இருக்கிறது. இதுவரைக்கும் எல்லாமே டிரிப் நோட்டுதான். கிளம்பின நேரம், கிலோமீட்டர், டீசல், டோல், ஏற்றுக்கூலி, வழிச்செலவு, எங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று கையால் எழுதிக்கொண்டு வந்து, ஆபீஸில் கணக்கு முடித்து, பேட்டாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இப்போது அடுத்த மாதத்திலிருந்து நோட்டு கிடையாது என்கிறார். வண்டியில் ஒரு பெட்டி மாட்டுவார்களாம், போனில் ஒரு ஆப், அதில் ஓட்டம், லோடிங், காத்திருப்பு, ஓய்வு என்று நான்கு பட்டன், நாம் மாற்றி மாற்றி அமுக்கினால் மீதியை அதுவே எழுதிக்கொள்ளுமாம். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், அமெரிக்காவில் பேப்பரே கிடையாது என்று ஒரு வீடியோவும் காட்டினார்.

மெஷின் என்றால் எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஃபாஸ்டேக் வந்த பிறகு ஓங்கூர் டோலை எத்தனை மணிக்குத் தாண்டினேன் என்று எனக்கு முன்னால் ஓனர் போனுக்குத் தெரிந்துவிடுகிறது, ஜிபிஎஸ்ஸும் ஏற்கெனவே இருக்கிறது, இதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது? என் கேள்வி வேறு. ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கிறோம், காலையில் லோடு இறக்குகிறோம், இறக்கின கையோடு திரும்பி ஓட்டு என்கிறார்கள். அந்த ராத்திரியை இந்த மெஷின் என்னவென்று எழுதும்? வண்டி நின்றாலே ஓய்வு என்று எழுதிவிட்டால், எட்டு மணி நேரம் தூங்கிவிட்டுத்தானே வந்தாய் என்று கேட்பார்கள். வரிசை நகர நகர வண்டியை இருபது இருபது அடியாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்ததை யார் நம்புவார்கள்? நோட்டு என்றால் 'கேட்டில் வெயிட்டிங்' என்று நானே எழுதிவிடுவேன்.

நோட்டிலும் மெஷினிலும் ஓட்டிப் பார்த்தவர்கள், வெளிநாட்டில் ஓட்டுகிறவர்கள் இருந்தால் இன்னும் நல்லது, எது டிரைவருக்குச் சாதகம் என்று நேராகச் சொல்லுங்கள்.

பண்ருட்டி_பழசு:

தம்பி, லேலண்ட் காமெட் ஓடின காலத்திலிருந்து ஸ்டியரிங் பிடிக்கிறேன். என் ஓட்டு நோட்டுக்குத்தான். ஏன் என்று ஒரு விஷயம் சொல்கிறேன், பிறகு நீயே முடிவு பண்ணிக்கொள்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறினபோது நான் திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு முழுக்க மரம். எங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனது உனக்கே தெரியும். லோடு தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கு அந்தச் சரக்குக்காரர் வாடகையில் பிடித்தம் பண்ணுகிறேன் என்று நின்றார். நான் ஒவ்வொரு இடத்திலும் எந்த ஊர், எத்தனை மணி, ரோட்டில் என்ன விழுந்து கிடக்கிறது என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் இருந்த பெட்ரோல் பங்க்கில் சீல் வேறு வாங்கி வைத்திருந்தேன். அதைக் காட்டினதும் பேச்சு முடிந்தது. பிடித்தம் இல்லாமல் முழு வாடகை வந்தது. நாலு பட்டனில் எந்தப் பட்டனை அமுக்கி 'மரம் விழுந்து கிடக்கிறது' என்று சொல்வாய்?

இன்னொன்று. நோட்டு என் கையெழுத்து. அதில் யாராவது அடித்துத் திருத்தினால் பார்த்த உடனே தெரியும். மெஷின் பதிவு எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், யார் திருத்துகிறார்கள் என்று ஒரு டிரைவருக்காவது தெரியுமா?

கோரிமேடு_குட்டியானை:

எனக்கு ஒரே சந்தேகம். ஆப் போட்டுத் தருகிறார் சரி, போனுக்கு ரீசார்ஜ் யார் பண்ணுவது?

லியோன்_பாகூரான்:

பாகூர்தான் சொந்த ஊர். மாமா குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை, அந்த வழியில் இங்கே வந்து இப்போது லியோன் பக்கம் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். முதுநகர் அண்ணா கேட்டதற்கு நேராகப் பதில் என்னிடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே இருப்பது டாக்கோகிராஃப். நான் வந்த புதிதில் பழைய வண்டிகளில் தாள்தான் இருந்தது, ஆனால் கையால் எழுதுகிற தாள் கிடையாது. வட்டமான மெழுகு பூசின தகடு மாதிரி ஒரு காகிதம், ஸ்பீடோமீட்டருக்குள்ளே வைத்து மூடிவிட வேண்டும். உள்ளே ஊசி கீறிக்கொண்டே போகும். எந்த நேரத்தில் என்ன வேகம், எப்போது நின்றது என்று சுற்றி வந்து வரைந்திருக்கும். 2006 மே மாதத்திலிருந்து புது வண்டிகளில் டிஜிட்டல், இப்போது ஸ்மார்ட் டாக்கோ. டிரைவருக்கு ஒரு கார்டு உண்டு, ஏடிஎம் கார்டு சைஸில், அதைச் சொருகித்தான் ஓட்ட வேண்டும். கம்பெனி மாறினாலும் கார்டு என்னோடு வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் ஆப் ஓனர் பேரில் இருக்கும், இங்கே பதிவு டிரைவர் பேரில் இருக்கிறது.

விதி என்ன என்றால், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும், அதை 15, 30 என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, இரண்டு வாரம் சேர்த்து 90க்கு மேல் போகக்கூடாது. ராத்திரி 11 மணி நேரம் ஓய்வு, சில நாள் அதை 9 ஆகக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கேட் விஷயம். டாக்கோவில் நான்கு படம் இருக்கும். ஸ்டியரிங் என்றால் ஓட்டம், குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் என்றால் வேறு வேலை, சாய்கோடு போட்ட சதுரம் என்றால் வேலைக்குத் தயாராகக் காத்திருப்பது, கட்டில் என்றால் ஓய்வு. வண்டி நகர்ந்தால் தானாக ஸ்டியரிங்குக்குப் போய்விடும். நின்றால் தானாகச் சுத்தியலுக்குப் போகும். கட்டிலுக்குப் போகாது! ஓய்வு என்று எழுத வேண்டுமானால் நான்தான் அமுக்க வேண்டும். கேட்டில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தால் நான் கட்டிலை அமுக்கமாட்டேன், அப்படி அமுக்கிவிட்டு வண்டி இருபது அடி நகர்ந்தாலும் ஓய்வு அங்கேயே உடைந்துவிடும். ஆக, நின்ற வண்டியைத் தானாக என்னவென்று எழுதும்படி அமைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

போலீஸ் நிறுத்தினால் அன்றைய நாளோடு அதற்கு முந்தின 56 நாள் பதிவையும் பார்ப்பார்கள், முன்பு 28 நாளாக இருந்தது, 2024 கடைசியில் மாற்றினார்கள். தப்பு இருந்தால் என்னோடு நிற்காது, கம்பெனிக்கும் அபராதம் போகும். ஐரோப்பிய விதியிலேயே, டிரைவர் அவசரப்பட்டு ஆபத்தில் போய் விழுகிற மாதிரி கிலோமீட்டர் கணக்கிலோ சரக்கு அளவிலோ சம்பளம் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறது. எனக்கு மணிக்கணக்கில் சம்பளம். அதனால் கேட்டில் நின்றாலும் எனக்கு நஷ்டம் இல்லை, நஷ்டம் முதலாளிக்கு, அவரே போன் போட்டு கேட்காரனைக் கத்துவார்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கியர்பாக்ஸ் சென்சாரில் காந்தம் ஒட்டி, ஓடுகிற வண்டியை நிற்கிறதாகக் காட்டின ஆட்கள் இங்கேயும் உண்டு, மாட்டினால் பெரிய கேஸ். அப்புறம் ராத்திரி பார்க்கிங். நாலரை மணி முடியப்போகிறது, வருகிற நிறுத்தம் எல்லாம் நிரம்பி வழிகிறது, அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது பாருங்கள், நோட்டு இருந்திருந்தால் பத்து நிமிடம் தள்ளி எழுதியிருப்பேன் என்று நானும் நினைத்திருக்கிறேன்.

முதுநகர்_டாரஸ்:

பாகூர் தம்பி, ரொம்ப நன்றி. நின்ற வண்டியைச் சுத்தியல் என்று எழுதும் என்பது எனக்குப் புதுச் செய்தி. எங்களுக்கு டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா என்று பேச்சு. கேட்டில் எவ்வளவு நின்றாலும் அதே பேட்டா. அமெரிக்கா பக்கம் யாராவது இருக்கிறீர்களா? அந்த வீடியோ உண்மைதானா?

ஜெர்சி_நெல்லிக்குப்பத்தான்:

உண்மை பாதி. நான் நெல்லிக்குப்பம், நியூ ஜெர்சியில் இருந்து ஓட்டுகிறேன், பேப்பரிலும் ஓட்டினேன், இப்போது இஎல்டி என்கிற மெஷினில் ஓட்டுகிறேன்.

பேப்பர் என்றால் உங்கள் டிரிப் நோட்டு மாதிரி செலவுக் கணக்கு கிடையாது. 24 மணி நேரத்துக்குக் கட்டம் போட்ட ஒரு தாள், நான்கு வரிசை: வேலையில் இல்லை, கேபின் படுக்கையில் இருக்கிறேன், ஓட்டுகிறேன், ஓட்டாமல் வேலை பார்க்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்க வேண்டும். இரண்டு செட் வைத்திருந்தவர்களும் உண்டு, ஒன்று போலீஸுக்கு, ஒன்று சம்பளத்துக்கு. டிரைவர்களே அதைக் காமிக் புத்தகம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். 2012இல் சட்டம் போட்டு, 2015 கடைசியில் விதி எழுதி, 2017 டிசம்பர் 18 முதல் மெஷின் கட்டாயம் ஆக்கினார்கள். எஞ்சினோடு நேராகச் சேர்த்திருக்கும், வண்டி மணிக்கு 5 மைலைத் தொட்டாலே ஓட்டம் என்று எழுத ஆரம்பித்துவிடும்.

அப்போது டிரைவர்கள் போராட்டம் எல்லாம் செய்தார்கள். பலருக்குக் கோபம் மெஷின் மேல் இருந்ததை விட அதற்குள்ளே இருந்த விதி மேல். விதி பேப்பர் காலத்திலும் அதேதான்: 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் வேலை தொடங்கி 14 மணி நேரம் ஆகிவிட்டால் ஓட்டம் மீதி இருந்தாலும் ஓட்டக்கூடாது. அந்த 14 மணி நேரக் கடிகாரம் நீங்கள் லோடுக்குக் காத்திருக்கும்போதும் ஓடும். கிடங்கில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்துவிட்டால் அந்த ஐந்தும் போச்சு. பேப்பர் இருந்தபோது டிரைவர் அதைப் படுக்கை வரிசையில் போட்டுச் சமாளித்தான். மெஷின் வந்ததும் சமாளிக்க முடியவில்லை. பெரும்பாலும் மைல் கணக்கில்தான் சம்பளம், நின்ற நேரத்துக்குக் காசு சொற்பம், அதனால் மீதி நேரத்தில் விரட்டி ஓட்டினார்கள். இது என் கற்பனை இல்லை. 2019இல் இங்கே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரசாங்கத் தரவை வைத்துப் பார்த்ததில், நேர விதியை மீறுவது நன்றாகக் குறைந்திருந்தது, விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை, சின்னக் கம்பெனி வண்டிகளில் வேக மீறல் மாதிரியான தப்புகள் கூடியிருந்தன. உங்கள் ஓனர் காட்டின வீடியோவில் இது வந்திருக்காது. 2020இல் கொஞ்சம் தளர்த்தி, ஓய்வை 7, 3 என்று பிரித்து எடுத்தால் 14 மணிக் கணக்கில் சேராது என்று மாற்றினார்கள். அது உதவியாக இருக்கிறது.

பேப்பரே இல்லை என்பதும் தப்பு. மெஷின் பழுதானால் எட்டு நாள் வரை பேப்பரில் எழுதலாம், அதற்காக வண்டியில் வெற்றுத் தாள் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே குற்றம். 2000க்கு முந்தின எஞ்சின் இருந்தால் மெஷின் வேண்டாம், அதனால்தான் பழைய வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓட்டிவிட்டுத் தினமும் திரும்பி வருகிறவர்களுக்கும் விலக்கு உண்டு.

பண்ருட்டி அண்ணன் கேட்டாரே, யார் திருத்துகிறார்கள் என்று, அது நியாயமான கேள்வி. இங்கே ஓட்டின நேரம் என்று மெஷின் தானாக எழுதினதை யாரும் குறைக்க முடியாது. மற்றதை ஆபீஸ் திருத்த நினைத்தால் எனக்குத் திரையில் வரும், நான் சரி என்றால்தான் ஏறும், பழையது அழியாமல் கூடவே இருக்கும். நானும் குறிப்பு எழுதலாம், 'மரம் விழுந்து கிடக்கிறது' என்றே எழுதலாம் அண்ணே. இந்த மெஷினை வைத்து, அசதியாக இருக்கிற டிரைவரை ஓட்டச் சொல்லித் தொல்லை கொடுப்பதும் தனிக் குற்றம். நடைமுறையில் எத்தனை பேர் புகார் கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் நேரம் முடிந்துவிட்டது, சட்டப்படி ஓட்ட முடியாது என்று சொல்லும்போது ஆபீஸ் வாயை மூடிக்கொள்கிறது, பேப்பர் காலத்தில் 'எழுதிச் சமாளியேன்' என்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காக நான் மெஷின் பக்கம்.

சேதராப்பட்டு_புக்கிங்:

ஆபீஸ் பக்கத்தையும் யாராவது பேச வேண்டுமே. நான் டிரைவர் இல்லை, ஒரு டிரான்ஸ்போர்ட்டில் கணக்கும் புக்கிங்கும் பார்க்கிறேன்.

டிரிப் நோட்டு எங்கள் மேசைக்கு வரும்போது எப்படி வரும் தெரியுமா? டீக்கறை, மழையில் நனைந்த பக்கம், எல்லா நேரமும் ஒரே பேனாவில் கடைசி நாள் உட்கார்ந்து எழுதினது. அதை வைத்து ஹால்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான காசு, கேட்டால் சரக்குக்காரன் சிரிக்கிறான். உங்கள் டிரைவர் எழுதினதுதானே என்பான். ஜிபிஎஸ் ரிப்போர்ட் போட்டால் பேசாமல் ஒத்துக்கொள்கிறான், முழுசாகத் தராவிட்டாலும் பாதியாவது தருகிறான். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு டிசம்பர் தொடக்கத்தில் அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் வந்து வண்டிகள் நின்றபோது எங்கள் வண்டி நின்ற இடம் மேப்பில் அப்படியே இருந்தது, பங்க் சீல் எதுவும் தேவைப்படவில்லை.

அப்புறம் இ-வே பில், சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுத்தான் அதற்கு ஆயுள். முடிகிற நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே பின்னேதான் நீட்டிக்க முடியும். வண்டி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு நான் எதை நீட்டுவது? டிரைவருக்குப் போன் போட்டால் ஓட்டும்போது போன் பண்ணாதே என்பார், போடாவிட்டால் பில் செத்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு கூத்தும் இருக்கிறது. பாண்டிச்சேரி எல்லை துண்டு துண்டாகக் கிடக்கிறது, கடலூரிலிருந்து பாகூர் வழியாக வில்லியனூருக்கு வந்தாலே எல்லை மாறி மாறி வரும். எங்கள் ஆப்பில் ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு அலாரம் அடிக்கும். பாண்டியில் டீசல் விலை குறைவு என்று முள்ளோடைக்கு இந்தப் பக்கம் வந்து அடித்துக்கொண்டு போவது ஓனர் சொல்லித்தான் நடக்கிறது, ஆனால் மெஷின் 'பாதை மாறியது' என்று சிவப்பில் காட்டும். அதையே பிடித்துக்கொண்டு டிரைவரைத் திட்டின மேனேஜரையும் பார்த்திருக்கிறேன். ஆக மெஷின் காட்டுவதைப் படிக்கத் தெரிந்த ஆள் ஆபீஸில் இருக்க வேண்டும்.

டேங்கர்_60:

ஆசிட் டேங்கர் ஓட்டுகிறேன், சிப்காட்டுக்கு அடிக்கடி வருகிறவன்தான். வெளிநாட்டுக் கதை எல்லாம் சரி, நம் நாட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே.

அபாயகரமான சரக்கு ஏற்றுகிற வண்டியில் டாக்கோகிராஃப் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 129இல் ரொம்ப காலமாகவே எழுதியிருக்கிறது. ஓடின நேரம், வேகம் எல்லாம் அதில் பதிய வேண்டுமாம். மூன்று நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் அதற்கென்று பதிவு போட்டால்தான் இந்த லோடு ஓட்ட முடியும், டேங்கர் என்பதால் வேகக் கட்டுப்பாடு 60. இதெல்லாம் இருக்கிறது. ரோட்டில் நிறுத்துகிறவர்கள் ஆர்சி, இன்ஷூரன்ஸ், எஃப்சி, அவசரத் தகவல் கார்டு, தீயணைப்பான் எல்லாம் கேட்பார்கள். நேற்று எத்தனை மணி நேரம் ஓட்டினாய், எப்போது தூங்கினாய் என்று என்னை ஒருத்தர் கேட்டதில்லை.

நேரக் கணக்குக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961இல் போட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் அரை மணி ஓய்வு என்று இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் அதையே கைகாட்டினது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த இடத்துக்கு அந்த 1961 சட்டம் பொருந்தவில்லை, நம் பக்கம் ஒரு வண்டி இரண்டு வண்டி வைத்திருக்கிறவர்கள்தான் அதிகம். 2021இல் மத்திய அமைச்சர் கட்கரி லாரி டிரைவருக்கு நேரம் நிர்ணயிக்க வேண்டும், தூக்கத்தைக் கண்டுபிடிக்கிற சென்சார் வேண்டும் என்றார். ஏசி கேபின் வரைக்கும் வந்துவிட்டது, 2025 அக்டோபர் முதல் புது வண்டிக்குக் கட்டாயம் என்று. நேரம் இன்னும் வரவில்லை.

அதனால்தான் முதுநகர் அண்ணாவுக்குச் சொல்கிறேன். அவர்கள் ஊரில் மெஷின் 11 மணி ஆச்சு, 9 மணி ஆச்சு என்று சொன்னால் வண்டி நிற்க வேண்டும். நம் ஊரில் அதே மெஷின் 16 மணி ஆச்சு என்று சொன்னாலும் நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை, ஏன் மெதுவாகப் போகிறாய் என்று கேட்கத்தான் ஆள் இருக்கிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் மட்டும் அந்தப் பதிவை எடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் அது ஓனர் கையில் இருக்கும். மின்பதிவைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் வேண்டும், புதுச் சாட்சியச் சட்டத்திலும் 63ஆம் பிரிவில் அது இருக்கிறது, அதை நமக்கு யார் எடுத்துத் தருவார்கள்? வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கே டேங்கரில் பெட்டி இருக்கிறது. தினம் ராத்திரி அதன் திரையைப் போனில் படம் எடுத்து வீட்டம்மாவுக்கு அனுப்பிவிடுவேன், தேதியோடு அங்கே கிடக்கும்.

பண்ருட்டி_பழசு:

பார்த்தாயா தம்பி, கடைசியில் அவரும் நோட்டு மாதிரி ஒன்று தனியாக வைத்திருக்கிறார்! ஜெர்சிக்காரர் சொன்ன திருத்துகிற விஷயம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், அது இங்கே வந்தால் நானும் பட்டன் அமுக்குகிறேன். புக்கிங் தம்பி மட்டும் டீக்கறையைப் பற்றிப் பேச வேண்டாம், ஹால்டிங் பாதியாவது வருகிறது என்றாரே, அதில் டிரைவருக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று சொல்லவே இல்லை.

சேதராப்பட்டு_புக்கிங்:

அது ஓனருக்கு ஓனர் மாறும் அண்ணே. எங்கள் இடத்தில் ஒரு பங்கு தருகிறோம். தராத இடம்தான் அதிகம், மறைக்கவில்லை.

முதுநகர்_டாரஸ்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கள் செட்டில் மற்ற டிரைவர்களோடும் பேசிவிட்டேன். மெஷின் வேண்டாம் என்று நிற்கப்போவதில்லை, நின்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். வண்டி நின்றால் தானாக ஓய்வு என்று விழக்கூடாது, ஆபீஸ் திருத்தினால் எங்கள் போனில் தெரிய வேண்டும், மாதக் கடைசியில் அவரவர் பதிவைப் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும், இதைக் கேட்பதாக இருக்கிறோம். ஹால்டிங் பங்கையும் இதோடு சேர்த்துக் கேட்கலாம் என்று ஒருத்தர் சொன்னார், இரண்டு பேர் அது வேண்டாம், முதல் மூன்றும் கெட்டுவிடும் என்றார்கள், அது இன்னும் முடிவாகவில்லை. நோட்டை நானே காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறேன். பெட்டி மாட்ட ஆள் வருகிற அன்று அவரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்?

சேதராப்பட்டு_புக்கிங்:

ஓனரிடம் கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. மாட்ட வருகிற பையனிடம் கேளுங்கள்: வண்டி எத்தனை நிமிடம் நின்றால் ஸ்டேட்டஸ் மாறும், எதற்கு மாறும், அந்த செட்டிங் யார் லாகினில் இருக்கிறது. நாங்கள் பார்த்த ஆப்களில் அது மாற்றக்கூடியதுதான், மாட்டும்போது என்ன போட்டுவிட்டுப் போகிறார்களோ அதுவே கிடக்கும். டிரைவர் லாகினில் பழைய பதிவைப் பார்க்க வழி இருக்கிறதா என்று அவர் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் போனிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரி வயரைத் தனி ஃபியூஸில் எடுக்கச் சொல்லுங்கள், ஹாரன் லைனில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள், ஃபியூஸ் போனால் டிரைவர் பிடுங்கிவிட்டான் என்றுதான் ஆபீஸில் பேச்சு வரும்.